பதில்: உப்புவெளியில் தனியாக இருக்கும் அம்மாவைக் கொழும்பு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா?

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கனடாவில், 76 வயது அம்மா திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் தனியாக. கவலை புரிகிறது.

இரவில் ஆள் துணை, நேரத்துக்கு மருந்து, விழுந்தால் தூக்க ஒருவர் என்பது பெரிய நிம்மதிதான். மார்கழி மழையில் கரண்ட் போன வீட்டில் என் அம்மா தனியாகப் பயந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அயலவர் எட்டிப் பார்க்க முடியாது, வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலும் இல்லை. என் அம்மாவை நாங்கள் சேர்த்த இல்லத்தில் பராமரிப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. வயிற்று வலியைக்கூடக் கையால்தான் காட்டினா. மூன்று மாதத்தில் கூட்டி வந்துவிட்டோம். இன்னும் மனம் ஆறவில்லை.

அதனால் முதலில் அம்மாவின் விருப்பத்தைக் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருகோணமலைக்குள்ளேயே இடம் தேடுங்கள். முன்பணம் திரும்புமா, படுத்த படுக்கையானால் வைத்திருப்பார்களா, இரவில் எத்தனை பேர் வேலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒரு மாதம் மட்டும் தங்கவைத்துப் பாருங்கள், அதுவரை வீட்டை விற்க வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குரிய முதியோர் அடையாள அட்டை அம்மாவிடம் இல்லையென்றால், பிரதேச செயலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.