ஊசியிலையும் வினிகரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலியோரம் நிற்கும் ஊசியிலை மரங்களைக் கத்தரித்ததில் பச்சைக் கிளைகள் குவிந்துவிட்டன. இவற்றை வினிகரில் ஊறவைத்தால் வீடு துடைக்கும் திரவம் கிடைக்கும், கிருமியெல்லாம் சாகும் என்கிறார்கள். உண்மையா? சமையல் சோடாவும் சேர்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். பைன், ஃபிர், ஸ்ப்ரூஸ் என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வேலிக்கு வளர்க்கும் மரங்களில் 'யூ' என்று ஒன்று உண்டு. தட்டையான, மெத்தென்ற கரும்பச்சை இலைகள். விதையைச் சுற்றிச் சிவப்புச் சதை. இலையும் விதையும் கடும் நஞ்சு, இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். மரம் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தக் கிளை வேண்டவே வேண்டாம். சாயமோ வேறு மருந்தோ தெளித்த அலங்கார மரங்களையும் விட்டுவிடுங்கள்.

செய்முறை எளிது. கிளைகளைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, சிறிதாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். முழுவதும் மூழ்கும்படி 5 சதவீத வெள்ளை வினிகரை ஊற்றுங்கள். உலோக மூடியை வினிகர் அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் மூடி நல்லது. வெயில் படாத இடத்தில் 2 முதல் 4 வாரம் இருக்கட்டும். அப்புறம் மெல்லிய துணியில் வடிகட்டி, சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். சரியாக வடிக்காவிட்டால் துணுக்குகள் ஸ்ப்ரே வாயை அடைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. இந்தத் திரவத்தில் அழுக்கை எடுப்பது பெரும்பாலும் வினிகர்தான். குழாயில் படியும் உப்புக்கறையைக் கரைப்பது அதிலுள்ள அசிட்டிக் அமிலம். ஊசியிலையின் மணம் பைனீன், லிமொனீன் போன்ற டெர்பீன்களிலிருந்து வருகிறது. இவை எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். வினிகரில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், எத்தனை வாரம் ஊறினாலும் அதில் இறங்குவது கொஞ்சம்தான். வினிகரின் நெடியைத் தணித்துக் காட்டு வாசனை தர அது போதும். கிருமிநாசினி என்று நம்ப மட்டும் போதாது. பச்சை இறைச்சி வெட்டிய பலகைக்கோ, நோயாளி இருந்த அறைக்கோ இதை நம்பாதீர்கள். கண்ணாடி, ஜன்னல், குளியலறை ஓடு, சிங்க் ஆகியவற்றுக்கு இது அருமையான திரவம். அந்த மணத்துக்காகவே செய்யலாம் என்பேன்.

சோடா வேண்டாம். நுரைக்கும்போது ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் தோன்றும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, கடைசியில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். பிசுக்கைத் தேய்க்க சோடாவைத் தனியாகப் பயன்படுத்துங்கள், கழுவிவிட்டு இதைத் தெளியுங்கள். ப்ளீச்சோடு மட்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். பளிங்கு, சுண்ணாம்புக்கல் தரைகளிலும் படவிடாதீர்கள். அமிலம் கல்லையே அரித்து மங்கவைக்கும்.

பூனை வளர்க்கிறீர்களா? அது நடக்கும், நக்கும் இடங்களில் தெளிக்காதீர்கள். ஊசியிலை எண்ணெய்கள் பூனைகளுக்கு ஆகாது. பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வடிகட்டியபின் பார்ப்பதற்குக் குடிக்கும் பானம் போலவே இருக்கும்.