பழைய காருக்கு எந்தப் பெட்ரோல்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1960களின் கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா ஐயா?

பதில்: தாராளமாகப் போடலாம், காருக்கு ஒன்றும் ஆகாது, பர்ஸுக்குத்தான் ஆகும். பிரீமியத்தில் கூடுதலாக இருக்கும் ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை. பிளக் மூட்டிய தீ வந்து சேருவதற்குள் சிலிண்டரில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற கணக்கு, அதாவது கம்ப்ரஷன் ரேஷியோ, உங்கள் இன்ஜினில் 7, 7.5 என்று இருந்தால் (அந்தக் காலத்துக் குடும்பக் கார்களில் நிறைய அப்படித்தான்) 91 ஆக்டேனே தாராளம். 9-ஐத் தாண்டினால்தான் 95, 97 என்று தேட வேண்டும்.

ரேஷியோவை எங்கே பார்ப்பது? காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அது தொலைந்துபோயிருந்தால் இன்ஜின் நம்பரையே பாருங்கள். பழைய பிரிட்டிஷ் இன்ஜின்கள் பலவற்றில் நம்பரோடு ஹெச் அல்லது எல் என்று ஓர் எழுத்து பொறித்திருப்பார்கள், கம்ப்ரஷன் அதிகமா குறைவா என்பதற்கான அடையாளம் அது. ஜாகுவாரில் நம்பருக்குப் பின்னால் 8, 9 என்று எண்ணாகவே இருக்கும். ஆனால் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) யாராவது எப்போதாவது கடைசல் பிடித்துச் சீவியிருந்தால் ரேஷியோ ஏறியிருக்கும், பொறித்திருக்கும் எழுத்தை நம்பிப் பயனில்லை. அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். டாப் கியரில் ஒரு மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால் அதுதான் கலவை தானாக வெடிக்கும் நாக்கிங். முதலில் பிளக் எப்போது பொறி விடுகிறது என்ற டைமிங்கைச் சரிபாருங்கள், சரியாக இருந்தும் சத்தம் வந்தால் ஒன்றிரண்டு டிகிரி பின்தள்ளிப் பாருங்கள். அப்புறமும் நிற்கவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலான பெட்ரோலுக்குப் போகலாம்.

இன்னொன்று, வெளிநாட்டுக் கையேட்டையும் பங்க்கில் போட்டிருக்கும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் போடுவது ஆர்.ஓ.என். என்ற முறையில் அளந்த ஆக்டேன் எண். இன்றைய அமெரிக்க பங்க்குகளில் இருப்பது வேறு முறையில் கணக்கிட்ட சராசரி, அங்கே 87 என்றால் மற்ற இடங்களில் சுமார் 91.

கேள்வி: எங்கள் கார் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. இப்போது அது கிடைப்பதே இல்லை. இன்ஜின் கெட்டுவிடுமா?

பதில்: உடனே கெடாது. பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். நஞ்சு என்று தெரிந்தே உலகம் பல பத்தாண்டுகள் அதை எரித்துத் தீர்த்தது. கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்தான் நிறுத்தியது. ஆக்டேனை ஏற்றியதோடு அந்த ஈயம் இன்னொரு வேலையும் பார்த்தது. எரிந்தபின், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் அது மூடும்போது உட்காரும் விளிம்பான சீட்டும் தொடும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, இரண்டும் சூட்டில் ஒட்டிப் பிய்ந்து வராமல் காத்தது. படலம் போய்விட்டால் வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் தேயும், வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும்.

இதற்கு அடையாளம், டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி. நீங்கள் சரிசெய்து வைத்த இடைவெளி கொஞ்ச நாளில் குறைந்து, மறுபடி வைத்தால் மறுபடி குறைந்துகொண்டே போனால் சீட் தேய்கிறது என்று அர்த்தம். சும்மா இருக்கிற ஹெட்டை இதற்காகவே கழற்றாதீர்கள். வேறு வேலைக்காக எப்போதாவது கழற்றும்போது கடினமான உலோக வளையமான சீட் இன்சர்ட்டைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அலுமினிய ஹெட் என்றால் அதில் ஏற்கெனவே தனி சீட்தான் இருக்கும், பெரும்பாலும் கவலை இல்லை. மெதுவாக, அளவான வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்குத் தேய்மானம் குறைவு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டுகிறவர்கள் வால்வு சீட்டைக் காக்கும் திரவத்தை வாங்கிப் பெட்ரோலில் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வகையைப் பிடித்தால் அதையே தொடருங்கள், இரண்டைக் கலக்க வேண்டாம். ஆக்டேன் ஏற்றுவதாகச் சொல்லும் பாட்டிலெல்லாம் சீட்டைக் காக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: காரை நிறுத்தி வைத்த இடத்தில் ஓயாமல் பெட்ரோல் வாடை. மெக்கானிக் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்ற ஆல்கஹாலைக் குறை சொல்கிறார். எத்தனால் பெட்ரோல் பழைய காருக்கு ஆகவே ஆகாதா?

பதில்: முதலில், அந்த வாடை போகும்வரை காரை எடுக்காதீர்கள். இன்று மாலையே பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆறியபின், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒவ்வொரு ரப்பர் ஹோஸாகக் கையால் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தாலோ, அழுத்தும்போது மெத்தென்று இருந்து விரலில் கறுப்பு ஒட்டினாலோ அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈயத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நிஜமான தொல்லை எத்தனால்தான் என்பது என் கட்சி. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைக்கவும் கெட்டியாக்கவும் செய்யும், ஃபைபர் கிளாஸ் டேங்க்கின் பழைய பிசினைக் கரைக்கும், அது கரைந்து கார்புரேட்டருக்குள் போய்ப் பசையாக ஒட்டும். போதாததற்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவை மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், இரும்பு டேங்க் அங்கிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும். பல வருடமாகச் சுவரில் ஒட்டிக்கிடந்த அழுக்கையும் அது கிளறிவிடுவதால் முதல் சில டேங்குகளுக்கு ஃபில்டர் அடிக்கடி அடைக்கும், ஒன்றைக் கூடவே வாங்கி வையுங்கள்.

ஓட்டத்திலும் வித்தியாசம் தெரியும். எத்தனாலுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டோடு கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. 10 சதவீதக் கலப்பில் லேசான தயக்கம், கொஞ்சம் மைலேஜ் குறைவு, அவ்வளவுதான். 20 சதவீதம் என்றால் ஜெட்டை மாற்றிக் கலவையைச் சரிசெய்யாமல் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பிளக்கைக் கழற்றினால் இளம்பழுப்பாக இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், அதுதான் உங்களுக்குச் சாட்சி.

எனவே ஆகவே ஆகாது என்பதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் (மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும்), பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட், நீடில் வால்வு, இவற்றை ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் 10 சதவீதத்தோடு நிம்மதியாக வாழலாம். அதுவரை எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைத்தால் அதைப் போடுங்கள். முதல் கேள்விக்காரருக்கு பிரீமியம் வேண்டாம் என்றேன் அல்லவா, அதற்கு விலக்கு இங்கேதான். பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை, சூப்பர் ரகத்தில் 5 வரைதான். இப்படி இருக்கிற நாட்டில் பிரீமியத்துக்குக் கொடுக்கும் காசு ஆக்டேனுக்காக அல்ல, ஹோஸுக்காக. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, பங்க்கில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: விமானப் பெட்ரோல் கொஞ்சம் கிடைக்கும் என்கிறார் ஒருவர். அதில் ஈயம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, சின்ன விமானங்களுக்கான 100 எல்.எல். ரகத்தில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை. வேண்டாம். பல நாடுகளில் சாலையில் ஓட்டும் காருக்கு அதைப் போடுவதே குற்றம், உங்கள் இன்ஜினுக்கு அந்த ஆக்டேன் தேவையும் இல்லை, வீட்டு வாசலில் ஈயப் புகை யாருக்கு வேண்டும்?

கேள்வி: வருடத்தில் பாதி நாள் கார் ஷெட்டில்தான் நிற்கிறது. டேங்கைக் காலியாக வைப்பதா, நிரப்பி வைப்பதா?

பதில்: இரும்பு டேங்க் என்றால் நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறைவு. பெட்ரோல் பழசாகிக் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்ப்பதாக இருந்தால் புதுப் பெட்ரோலில் சேர்த்து, பத்து நிமிஷம் இன்ஜினை ஓட்டி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர்ந்தபின் நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வார்னிஷ் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முழுவதையும் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சில நொடி குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. பெட்ரோல் சரியில்லையா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் ஐடிலை (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) குறைத்துப் பாருங்கள், பாதிக் கார்களில் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் படிந்த கரி தணலாகக் கனிந்து தீ மூட்டுகிறது. ஒரு நீண்ட பயணத்தில் நன்றாகச் சூடேற ஓட்டினால் கொஞ்சம் கழியும், இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டியதுதான். கழற்றுவது என்று ஆகிவிட்டால் வால்வு சீட் இன்சர்ட்டையும் அப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள்.