கியலாமியில் நான்காவது சுற்றிலேயே பெடல் உள்ளே போகிறது. என் ஜிடிஐக்கு எந்த பிரேக் பேட் போடலாம், நானே மாற்றலாமா?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: டர்பனில் தினமும் வேலைக்குப் போய்வரும் கோல்ஃப் 7 ஜிடிஐ, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள கியலாமி ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள்). நான்காவது சுற்றில் பெடல் மெத்தென்று ஆகி அடிவரை இறங்குகிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் திரும்ப வருகிறது. கடைக்காரர் ரேஸ் பேட் போடச் சொல்கிறார்.

பேடுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், கோளாறு பேடில்தானா என்று பாருங்கள். பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், உயரமும் மாறாது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. பெடல் மெத்தென்று இறங்கினால் காலிப்பருக்குள் (பிஸ்டனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். அதனால் உங்கள் கால் தரும் அழுத்தமெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. நீங்கள் சொல்வது அச்சாக இந்த இரண்டாவது வகை. ஆயிலை அப்படியே விட்டு ரேஸ் பேட் மட்டும் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பேட் நன்றாகக் கடிக்கும், நீங்கள் பிரேக்கை இன்னும் தாமதமாக மிதிப்பீர்கள், அதே ஆயில் இன்னும் அதிக வேகத்தில் கொதிக்கும்.

ஆகவே ஆயில்தான் முதல் வேலை. பிரேக் ஆயிலின் டாட் 4 தரத்துக்கான குறைந்தபட்ச கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155. டாட் 5.1க்கு 260, 180. இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் இழுத்துக்கொள்ளும். டர்பன் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு கியலாமிக்குப் போவது உண்மையிலேயே ஆபத்து. ஏடிஇ டைப் 200 போட்டால் 280, 198. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்றால் புதியதாக 312, ஈரத்தோடு சுமார் 205. காஸ்ட்ரோல் எஸ்ஆர்எஃப் விலை அதிகம். ஆனால் ஈரம் ஏறிய பிறகும் 270 தாங்கும். தினமும் ஓடும் வண்டிக்கு நான் எஸ்ஆர்எஃப் அல்லது ஏடிஇ சொல்வேன். ஆர்பிஎஃப் 600 என்றால் ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் புதிதாக மாற்ற வேண்டும். முழுவதும் மாற்ற ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். சிலிகான் வகையான டாட் 5ஐ மட்டும் இந்த வண்டியில் ஊற்றாதீர்கள், டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு.

சாலையில் ஒரு குறையும் தெரியாத பிரேக் டிராக்கில் ஏன் சோர்கிறது என்றால், ஓட்டுநரோடு 1,450 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து வண்டியை நிறுத்தினால் பிரேக்குக்குள் போகும் ஆற்றல் சுமார் 560 கிலோஜூல். 200லிருந்து 80க்குக் குறைத்தால் சுமார் 1,880 கிலோஜூல். வண்டி நிற்கக்கூட இல்லை, ஆனால் வெப்பம் மூன்று மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளுக்கே போகிறது. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இதோடு கியலாமி இருக்கும் மிட்ராண்ட் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இருப்பதால் எஞ்சின் தன் பலத்தைப் பெரிதாக இழப்பதில்லை. டிஸ்க்கைக் குளிர்விக்கும் காற்றுக்கோ டர்போ கிடையாது; அது கடற்கரையை விட மெல்லியதாகவே வீசுகிறது.

இனி பேட். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகள் உராய்வு எண்ணைக் குறிக்கும்: முதல் எழுத்து சாதாரண வெப்பத்துக்கு, இரண்டாவது சூடேறிய நிலைக்கு. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இந்தச் சோதனை டிராக்கில் வரும் வெப்பம் வரை போவதில்லை, அதனால் இந்த எழுத்துகளை மட்டும் நம்பி டிராக் பேட் வாங்க முடியாது. தயாரிப்பாளர் தரும் வெப்பம்–உராய்வு வரைபடத்தைப் பாருங்கள். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு சமமாக நீள்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் உபயோகத்துக்கு முன்பக்கம் ஃபெரோடோ டிஎஸ்2500 ரகம் பொருந்தும். சராசரி உராய்வு 0.42 அளவில், குளிர்ந்த நிலையிலிருந்து 500 டிகிரி வரை பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத பேட் அது. கொஞ்சம் கீச்சிடும், வீல் முழுவதும் கரும்பொடி படியும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாகிட் மஞ்சள் பேட் போன்ற முழு ரேஸ் வகையைத் தினசரி வண்டியில் விட்டுவைக்காதீர்கள்: டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னும், குளிரில் சத்தம் தாங்காது. அப்படி ஒன்று வேண்டுமென்றால் டிராக்குக்கு மட்டும் தனி செட் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சாலைக்கான பேடில் ஆர்90 (மாற்று பேடுகளுக்கான ஐ.நா. விதி) ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழு ரேஸ் பேடுகளில் அது பொதுவாக இராது. பெரிய பிராண்டுகளின் பெயரில் போலிகளும் புழங்குகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

பின்பக்கம் ஒரிஜினல் தரமே போதும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின் பேட் முன்னதைவிட அதிகமாகக் கடித்தால் பின்சக்கரம் முதலில் பிடியை இழக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அவசரப்பட்டுத் தலையிடும். ஆனால் பின் பேடின் தடிமனைப் பார்க்காமல் விடாதீர்கள். வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி பின் பிரேக்குகளை நீங்கள் மிதிக்காதபோதும் பயன்படுத்துகிறது. இந்த வண்டிகளில் பின் பேட் முந்தித் தேய்வது சாதாரணம்.

வாங்கப் போகும்போது வண்டியின் வருடத்தை மட்டும் சொன்னால் தப்பான பேட் கையில் வரும். ஜிடிஐயில் முன் டிஸ்க் 312 மி.மீ.யாகவும் இருக்கலாம், பெர்ஃபார்மன்ஸ் பேக் என்றால் 340 மி.மீ.யாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் பேட் வடிவம் வேறு. அளந்துவிட்டுப் போங்கள். டிஸ்க்கின் தடிமனையும் அப்போதே பாருங்கள்: 25 மி.மீ. டிஸ்க்குக்கு எல்லை 22, 30 மி.மீ. டிஸ்க்குக்கு 27. எல்லைக்கு ஒரு மி.மீ. தூரத்தில் இருந்தால் டிராக்குக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள். மெல்லிய டிஸ்க் வெப்பத்தைத் தேக்கி வைக்காது, எல்லாம் ஆயிலுக்குப் போகும். பேடும் அப்படித்தான். சாலையில் 2 மி.மீ. வரை தேயவிடலாம், டிராக்கில் பாதி தேய்ந்த பேடே பிஸ்டனைச் சுட வைக்கும். உங்கள் பேட் இப்போது எவ்வளவு தடிமன் என்று நீங்கள் எழுதவில்லை, அதை அவசியம் பாருங்கள்.

நீங்களே மாற்றலாம், ஆனால் பின்பக்கத்துக்கு ஒரு நிபந்தனை. கோல்ஃப் 7இல் ஹேண்ட்பிரேக் மின்மோட்டாரில் இயங்குகிறது. விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் போன்ற, வண்டியின் கணினியோடு பேசும் கருவி மூலம் பின் காலிப்பரை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் கிளாம்ப் போட்டு நெருக்கினால் மோட்டாரின் திருகாணி பாழாகும். வேலை நடக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள், வேறு யாரும் அந்த ஸ்விட்சைத் தொடவும் கூடாது.

முன்பக்கம் எளிது. சக்கர போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். கைடு பின்களைக் கழற்றி, காலிப்பரை எடுத்து, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. தேய்மான சென்சார் வயர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிஸ்டனைத் தள்ளும் முன் ரிசர்வாயரைப் பாருங்கள். ஆயில் நிரம்பி வழிந்தால் பெயிண்ட்டை அரிக்கும். பழைய பேடை வைத்து நேராக, மெதுவாக அழுத்துங்கள்.

கடலோர வண்டிகளில் அதிகம் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். உப்புக் காற்றில், பேடைத் தாங்கும் சட்டமான கேரியரில், பேடின் காதுகள் உட்காரும் இடத்தில், துரு ஏறி இடைவெளியை அடைத்திருக்கும். அங்கே புது பேடை அடித்து நுழைத்தால் அது திரும்பி வராது. டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், ஒரு பக்கம் மட்டும் தேயும், சும்மா ஓட்டும்போதே சூடேறும். வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும், ஆடக் கூடாது. கைடு பின்னில் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். அதில் ரப்பர் ஊதிவிடும். பேடின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படவே கூடாது, பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். கைடு பின் முறுக்கம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும், மேனுவலில் உள்ளதைப் போடுங்கள். சக்கர போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர், 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை சரிபாருங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதி வெறுமையாகப் போகும், வண்டி நேராகச் சுவரில்தான் நிற்கும்.

புது பேடைப் பழக்க, ஞாயிறு விடியலில் உம்லாங்காவுக்கு வடக்கே எம்4 போல ஆள் நடமாட்டம் குறைந்த சாலையாகப் பாருங்கள். பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு 100லிருந்து 20க்கு, அழுத்தமாக ஆனால் ஏபிஎஸ் வேலை செய்யாத அளவில், எட்டு முதல் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் திட்டாகப் படிந்துவிடும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்லும் நடுக்கத்தில் பெரும்பாலானது இந்தத் திட்டுதான்.

கியலாமியிலும் இதே காரணத்துக்காக, கடைசிச் சுற்றைப் பிரேக் இல்லாமல் மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள், பார்க்கில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். நின்றதும் வண்டியைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் நீங்கள் இறங்கும்போது ஹேண்ட்பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

டிஸ்க் எவ்வளவு சூடேறுகிறது என்று அறிய அதன் விளிம்பில் வெப்பப் பெயிண்ட் பூசலாம்: பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். ஆரஞ்சு மாறியிருந்தால் டிஎஸ்2500 தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் கடைக்காரர் சொன்ன ரேஸ் பேட் பேச்சுக்கு இடம் உண்டு, அதற்கும் முன்னால் டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் போடுவது பற்றி யோசியுங்கள். நிறமே மாறாமல் பெடல் மட்டும் மறுபடி மெத்தென்று ஆனால், ஆயில் மாற்றும்போது காற்று உள்ளே தங்கியிருக்கிறது. நாலு சக்கரத்திலும் திரும்ப ப்ளீட் செய்து காற்றை வெளியேற்றுங்கள்.