கர்ப்பப்பை எடுத்த பிறகு உடம்பு கொதிக்கிறதா? டிஸ்சார்ஜ் சீட்டை எடுங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். நார்க்கட்டிக்காக ஐந்து மாதம் முன்பு கோட்டயத்தில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதிலிருந்து நெஞ்சில் தொடங்கி முகம் வரை திடீர் திடீரென்று கொதிக்கிறது. காலைப் பனியிலும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறேன். வேர்வை அடங்கியதும் குளிர் நடுக்குகிறது. ராத்திரி தூக்கமில்லை. "கர்ப்பப்பை எடுத்தா இப்படித்தான், பொறுத்துக்கோ" என்கிறார் மாமியார். இதற்கு மருந்து உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்று தெரிய வேண்டும்: சினைப்பைகளையும் எடுத்தார்களா? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பது கர்ப்பப்பை அல்ல, அதன் இரு பக்கமும் உள்ள சினைப்பைகள். அவை இருந்தால் மாதவிடாய் மட்டும் நிற்கும், ஹார்மோன் தொடரும். இரண்டையும் எடுத்திருந்தால், சில ஆண்டுகளாக மெல்லக் குறைய வேண்டிய ஹார்மோன் ஆபரேஷன் நாளிலேயே சட்டென்று இறங்கிவிடும். அதனால்தான் இந்தக் கொதிப்பு இவ்வளவு கடுமையாக வரும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆபரேஷன் பெயரைப் பாருங்கள். பக்கத்தில் 'பி.எஸ்.ஓ.' (BSO) என்று மூன்று எழுத்து இருந்தால் இரு சினைப்பைகளும் போய்விட்டன. 'பி.எஸ்.' (BS) மட்டும் என்றால் கருக்குழாய்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். மலையிறங்கி கம்பத்துக்கு என்னிடம் வரும் பெண்கள் பலர் அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

சினைப்பைகள் இல்லையென்றால், 42 வயதில் ஹார்மோன் சிகிச்சை கொதிப்புக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் இதயத்துக்கும் காவல். நம் நாட்டில் மாதவிடாய் இயல்பாக நிற்பது சராசரியாக 46, 47 வயதில். பொதுவாக 50 வயது வரையாவது சிகிச்சையைத் தொடரச் சொல்வோம். கர்ப்பப்பை இல்லாததால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். என்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்களுக்கு வேறு கணக்கு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. ரத்த அழுத்தமோ உடல் எடையோ கூடுதலாக இருந்தால், மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லையே நான் விரும்புவேன். ரத்தம் கட்டும் ஆபத்து அதில் குறைவு. அடியில் வறட்சியும் எரிச்சலும் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், தனியாக க்ரீம் இருக்கிறது.

சினைப்பைகள் இருந்தும் இப்படி என்றால் தைராய்டும் ரத்தசோகையும் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை மட்டும் எடுத்த சிலருக்கும் மெனோபாஸ் முந்தி வருவதுண்டு. மாதவிடாயை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லாததால், எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை உதவும்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு துளி ரத்தம் பட்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

சீட்டு தொலைந்துபோயிருந்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் பயாப்சி ரிப்போர்ட்டின் நகல் கேளுங்கள். என்னென்ன உறுப்புகள் லேபுக்கு வந்தன என்று அதன் முதல் வரிகளிலேயே இருக்கும்.