யார் பெயரால் வாளெடுத்தார்கள்? வாலஸ், புரூஸ் காலத்து ஸ்காட்லாந்து பற்றிக் கேள்வி பதில்

1286 முதல் 1329 வரை ஸ்காட்லாந்தின் அரியணையை ஒட்டி நடந்த போராட்டங்களையும், அவற்றில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வில்லியம் வாலஸ், பின்னர் அரசரான ராபர்ட் புரூஸ் ஆகியோரையும் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். அக்காலத்தில் ஒருவர் வாளெடுத்தார் என்றால், எதற்காக எடுத்தார் என்று கேட்பதற்கு முன்பு யார் பெயரால் எடுத்தார் என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்கு ஸ்காட்லாந்தில் தலையிட என்ன உரிமை இருந்தது, ஐயா?

பதில்: 1286 மார்ச்சில், புயல் அடித்த ஓர் இரவில், கிங்ஹார்ன் அருகே குதிரையிலிருந்து விழுந்து மூன்றாம் அலெக்சாண்டர் இறந்தார். அவருடைய பிள்ளைகள் அனைவரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால், நார்வேயில் இருந்த சின்னஞ்சிறு பேத்தி மார்கரெட் வாரிசானாள். அவளை எட்வர்டின் மகனுக்கு மணமுடிக்க 1290-இல் பர்கமில் செய்த ஒப்பந்தம், ஸ்காட்லாந்து தனி அரசாகவே நீடிக்கும் என்று தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு அந்தக் குழந்தையும் ஆர்க்னியில் இறந்துபோக, பத்துக்கும் மேற்பட்டோர் அரியணைக்கு உரிமை கோரினார்கள்.

வழக்கைத் தீர்த்துவைக்க எட்வர்ட் அழைக்கப்பட்டார். அவரோ 1291-இல் நோரமில், முதலில் தம்மை ஸ்காட்லாந்தின் மேலாதிக்க மன்னராக ஏற்கும்படி கேட்டார். நாட்டைக் கவனித்துவந்த காவலர்கள், "இதற்கு எங்கள் அரசரே விடை சொல்ல முடியும், இப்போது எங்களுக்கு அரசர் இல்லை" என்ற பொருளில் பதிலளித்தார்கள். ஆனால் உரிமை கோரியவர்கள் ஒவ்வொருவராக அவருடைய மேலாதிக்கத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒப்பாதவருக்கு அரியணை கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1292 நவம்பரில் தீர்ப்பு ஜான் பேலியலுக்குச் சாதகமாக வந்தது. சட்டப்படி அவருடைய உரிமையே வலுவானது என்பதால், அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குக் கேட்ட விலைதான் பிழை. ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டுக்காக, முடிசூடிய மன்னரான பேலியலையே இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் முன் வந்து நிற்கவைத்தார் எட்வர்ட். 1296-இல் அவரைப் பணியவைத்து அரசையே எடுத்துக்கொண்டார்.

கேள்வி: வாலஸ் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு போரிட்டாரா? 'பிரேவ்ஹார்ட்' திரைப்படத்தில் அப்படித்தான் காட்டினார்கள்.

பதில்: இல்லை. அது அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய பழங்குடிகளைப் பற்றிச் சொல்லப்படும் வழக்கம்.

கேள்வி: வில்லியம் வாலஸ் தாமே அரசராக விரும்பினாரா?

பதில்: அவர் விட்டுச்சென்ற ஆவணங்களில் அதற்குத் தடயமே இல்லை. ஜெர்மனியின் லூபெக் நகரத்தார் பாதுகாத்துவைத்த ஒரு சிறிய தோல் கடிதம் இதற்கு நல்ல சாட்சி. 1297 அக்டோபர் 11-இல் லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு எழுதப்பட்ட அக்கடிதம், ஆங்கிலேயர் பிடியிலிருந்து நாடு போரால் மீட்கப்பட்டுவிட்டது, இனி எங்கள் துறைமுகங்களுக்கு அச்சமின்றி வரலாம் என்கிறது. அனுப்பியவர்களாக முதலில் வாலஸோடு சேர்ந்து படை நடத்திய ஆண்ட்ரூ மரேயின் பெயரும், அடுத்து வாலஸ் பெயரும் உள்ளன. இருவரும் ஸ்காட்லாந்து அரசின் படைத்தலைவர்கள் என்று மட்டுமே தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். கடிதத்தில் தொங்கும் மெழுகு முத்திரையில் வில்லும் அம்பும் உள்ளன. சுற்றியிருக்கும் எழுத்துகள் 'ஆலன் மகன்' வாலஸ் என்கின்றன. அவருடைய தந்தையின் பெயரைப் பிற்காலக் கவிதையைக் கொண்டு 'மால்கம்' என்று எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மறு ஆண்டு நாட்டின் காவலராக அவர் வழங்கிய நிலக்கொடையும், இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த பேலியல் மன்னரின் பெயரால்தான் வழங்கப்பட்டது.

கேள்வி: ஸ்டர்லிங் பாலத்தில் காலாட்படை எப்படிக் குதிரைப்படையை வென்றது?

பதில்: எதிரியின் பாதிப் படை மட்டும் ஆற்றைக் கடக்கும்வரை பொறுத்திருந்து வென்றது. 1297 செப்டம்பர் 11 காலையில் ஆங்கிலப் படையின் ஒரு பகுதி பாலத்தைக் கடந்தது. தளபதியான சரே பிரபு இன்னும் உறக்கத்திலிருந்து எழாததால் அதைத் திரும்ப அழைத்தார்கள். அந்த மரப்பாலத்தில் இரண்டு குதிரைகள்தான் இணையாகப் போக முடியும். சற்றுத் தொலைவில் அறுபது பேர் ஒரே நேரத்தில் இறங்கிக் கடக்கக்கூடிய துறை இருக்கிறது என்று ரிச்சர்ட் லண்டி என்ற வீரர் எடுத்துச் சொன்னார். அவர் ஸ்காட்லாந்துத் தரப்பிலிருந்து கட்சி மாறி வந்தவர் என்பதாலோ என்னவோ, அவருடைய சொல் எடுபடவில்லை. அரசரின் பணத்தை இனியும் வீணாக்கக் கூடாது என்று கருவூல அதிகாரி கிரெசிங்ஹாம் அவசரப்படுத்தினார். அன்று உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். வெற்றியில் சரிபாதிப் பங்குள்ள ஆண்ட்ரூ மரேயும், அன்று பட்ட காயத்தால் பின்னர் இறந்தார் என்றே கருதப்படுகிறது. அவரை மறந்துவிட்டு வாலஸை மட்டும் கொண்டாடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: வாலஸுக்கும், பின்னாளில் எட்வர்டின் மகனை மணந்த பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவுக்கும் காதல் இருந்தது உண்மையா? அதையும் படத்தில் பார்த்தேன்.

பதில்: வாலஸ் கொல்லப்பட்ட 1305-இல் இசபெல்லா பிரான்சில் வளர்ந்துகொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி. படக்காட்சிகளைப் பற்றிய கேள்விகள் இன்னும் ஏழெட்டு வந்துள்ளன; அவற்றுக்கு நான் விடை எழுதப்போவதில்லை.

கேள்வி: எட்வர்டின் நீதிமன்றம் வாலஸைத் துரோகி என்றது. சட்டத்தின் கண்ணில் அது சரிதானே?

பதில்: எட்வர்டின் சட்டத்தில் சரி. ஆனால் 1296-இல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்தியர் எட்வர்டுக்கு விசுவாச உறுதி அளித்த பட்டியலில் வாலஸின் பெயர் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நிறுத்தப்பட்டபோது மற்றக் குற்றச்சாட்டுகளை மறுக்காத அவர், துரோகம் என்பதை மட்டும் மறுத்தார். தாம் ஒருபோதும் ஏற்காத மன்னருக்கு ஒருவர் எப்படித் துரோகம் செய்ய முடியும்?

(வேறொரு நண்பர் குறுக்கிட்டு): பேலியலே 1296-இல் அரசை எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டாரே! இல்லாத அரசரின் பெயரால் போரிடுவது என்ன நியாயம்?

பதில்: அங்கியில் இருந்த அரச சின்னத்தைக் கிழித்தெடுத்து, எல்லார் முன்பும் அவமானப்படுத்திப் பெற்ற துறப்பு அது. 'வெற்று அங்கி' என்ற இகழ்ச்சிப் பெயர் அவருக்கு நிலைத்தது அதனால்தான். மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்பதை ஸ்காட்லாந்தியர் வாய்ப்பேச்சாக விடாமல், போப்பின் அவை வரை கொண்டுசென்று வாதிட்டார்கள்.

(அதே நண்பர்): அப்படியானால் பேலியல் உயிரோடு இருக்கும்போதே முடிசூடிய ராபர்ட் புரூஸ் அல்லவா துரோகி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். புரூஸ் எட்வர்டுக்குப் பலமுறை உறுதிமொழி அளித்து மீறியவர். 1306 பிப்ரவரி 10-இல் டம்ஃப்ரீஸ் தேவாலயத்துக்குள், பேலியலின் சகோதரி மகனான ஜான் கோமினை அவர் குத்தினார். ஆறு வாரங்களில் முடிசூடினார். ஆகவே அவரை எதிர்த்த கோமின், மக்டூகல் குடும்பத்தாரை நாட்டுத் துரோகிகள் என்று எழுதுவது பெரும் அநீதி. தங்கள் பார்வையில் அவர்கள் முறையான அரசரின் பக்கம் நின்றார்கள். 1309-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கூடிய புரூஸின் பாராளுமன்றத்திலிருந்து வேறொரு கதை எழுதப்படத் தொடங்கியது: உரிமை தொடக்கத்திலிருந்தே புரூஸ் குடும்பத்துக்கே உரியதாம், பேலியல் எட்வர்டால் திணிக்கப்பட்டவராம். அது வென்றவர் எழுதிய விளக்கம். இருந்தும் புரூஸை நான் பெரிய தலைவராகவே கருதுகிறேன். 1314-இல் பானக்பர்ன் போரில் ஆங்கிலேயரை வென்ற பிறகும், தம்மை எதிர்த்துநின்ற ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் பணிந்து திரும்பிவரக் காலக்கெடு கொடுத்துக் காத்திருந்த பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: புரூஸும் சிலந்தியும் கதை?

பதில்: அவர் காலத்து நூல் எதிலும் இல்லை.

கேள்வி: 1320-இன் ஆர்ப்ரோத் பிரகடனத்தை மக்களாட்சியின் முதல் குரல் எனலாமா?

பதில்: மறுபடியும் அதே வேண்டுகோள்: யார் பெயரால் எழுதப்பட்டது என்று பாருங்கள். பிரபுக்களின் பெயரால், போப்பாண்டவருக்கு எழுதப்பட்ட கடிதம் அது. புரூஸ் நாட்டை ஆங்கிலேயருக்கு அடிபணிய வைத்தால் அவரையும் துரத்திவிட்டு வேறு அரசரை ஏற்போம் என்ற அதன் வரி துணிச்சலானதுதான். ஆனால் பேலியலை நீக்கியதற்கான நியாயமும் அதே வரிக்குள் பொதிந்திருப்பதைப் பலர் பார்ப்பதில்லை.

கேள்வி: 1745-இன் ஜாகோபைட் கிளர்ச்சி பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: அது நான்கு நூற்றாண்டுகள் பிந்தையது, என் துறை அன்று. அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இந்தக் கதையில் பெண்களே இல்லையா, ஐயா?

பதில்: இருக்கிறார்கள். புதிய அரசரை ஸ்கோன் கல்லில் அமர்த்தும் உரிமை ஃபைஃப் பிரபுக் குடும்பத்துக்கு உரியது. 1306-இல் அந்தக் கல் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தது. எட்வர்ட் பத்து ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துப்போயிருந்தார். குடும்பத்தின் இளம் தலைவரும் ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தார். கொலையுண்ட கோமினின் உறவினரான தம் கணவரை மீறிக்கொண்டு, அந்தக் குடும்பத்தில் பிறந்த பக்கன் சீமாட்டி இசபெல்லா ஸ்கோனுக்கு வந்தார். அவர் வருவதற்குள் சடங்கு முடிந்துவிட்டது. கல் இல்லாவிட்டாலும் உரிமையுடையவர் வந்துவிட்டார் என்பதால், அவர் கையால் புரூஸுக்கு மறுபடியும் சடங்கு நடத்தப்பட்டது. அதே ஆண்டு பிடிபட்ட அவரைப் பெரிக் கோட்டைக் கோபுரத்தில் மரமும் இரும்பும் கொண்டு செய்த கூண்டில் அடைக்க எட்வர்ட் ஆணையிட்டார். கூண்டுக்குள் கழிப்பிட வசதி இருக்க வேண்டும், ஸ்காட்லாந்தியர் எவரும் அவரோடு பேசக் கூடாது என்பதுவரை அந்த ஆணை விரித்துச் சொல்கிறது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவர் அந்தக் கூண்டில் இருந்தார்.