நீரஜ் சோப்ராவுக்கு கோச்சா இருந்த யான் ஜெலெஸ்னி அவ்ளோ பெரிய ஆளா?

ஆமாங்க, ஈட்டி எறியறதுல அவர மிஞ்ச ஆளே இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன். செக் நாட்டுக்காரர், 1988 சியோல் ஒலிம்பிக்ல வெறும் 16 சென்டிமீட்டர்ல தங்கத்த விட்டாரு, அதுவும் எதிராளி பின்லாந்து கோர்யூஸ் கடைசி த்ரோல தாண்டிட்டாரு, யோசிச்சுப் பாருங்க, ஒரு சாண் கூட இல்ல! ஆனா மனுஷன் துவண்டு போகல, 1992, 1996, 2000னு வரிசையா மூணு ஒலிம்பிக் தங்கம். நடுவுல தோள்பட்டைல பெரிய காயம், ஆபரேஷன் வேற, இனி அவ்ளோதான்னு நினைச்சப்பதான் சிட்னில 90.17 மீட்டர் எறிஞ்சாரு. உலக சாம்பியன்ஷிப்லயும் மூணு தங்கம் இருக்கு. 1996 மே மாசம் ஜெர்மனி யேனால எறிஞ்ச 98.48 மீட்டர்தான் இன்னைக்கும் உலக சாதனை, நீரஜோட பெஸ்ட் 90.23, அப்போ வித்தியாசத்த நீங்களே பாருங்க. ரிட்டயர் ஆனப்புறம் ஸ்போடாகோவா, வாட்லெய்க்னு அவங்க ஊர் ஆளுங்களுக்கும் கோச்சிங் குடுத்தாரு.