எம்.சி.ஏ.வில் போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: பி.சி.ஏ. முடித்து, ஓசூரில் 15,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட எம்.சி.ஏ. சேரலாமா? மொத்தம் 3 லட்சம், வங்கிக் கடன்தான்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: செலவு 3 லட்சமோடு நிற்காது. விடப்போகும் 24 மாதச் சம்பளம் 3.6 லட்சம், ஆக 6.6 லட்சம்.

பலரும் ஏமாறுவது வட்டியில்தான். தவணை பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்கும். வட்டியோ பணம் எடுத்த நாளிலிருந்தே ஓடும். வருடத்துக்கு 1.5 லட்சமாக 10 சதவீதத்தில் எடுத்தால், அதற்குள் 75,000 ஏறிவிடும். பிறகு 3.75 லட்சத்துக்கு, ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 7,970. வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் தவணை 6,375 அளவில் நிற்கும்.

இதே வேலையிலேயே இரண்டு வருடத்தில் 18,000 வரும் என்று வைப்போம். எம்.சி.ஏ.வுக்குப் பின் 25,000 என்றால், வட்டி நீங்கலாகவே அந்த 6.6 லட்சம் மீள எட்டு வருடம்; 35,000 என்றால் மூன்றேகால். பெங்களூரு வேலையானால் அறை வாடகையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், அந்த 35,000 சட்டென்று இளைத்துவிடும்!

கல்லூரியில் 'அதிகபட்ச சம்பளம்' என்று காட்டும் பேனரை விடுங்கள். போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பள வரிசையில் நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே எம்.சி.ஏ. படிக்கலாம். வேலை தேடுவது மட்டும் உங்கள் பாடு.